வீட்டில் செய்யும் ஆர்கேட் பெட்டிக்குள் டிவி பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாய்ஸ்டிக், பொத்தான்கள், ராஸ்பெர்ரி பை (கையளவு சிறு கணினி), எமுலேட்டர் (பழைய விளையாட்டுகளை அதில் ஓட்டும் நிரல்) எல்லாவற்றுக்கும் வழிகாட்டி ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் ஆர்கேட் பெட்டி (கடையில் காசு போட்டு நின்று ஆடிய வீடியோ கேம் பெட்டி) செய்யும் பலர் மாட்டிக்கொள்வது டிவியில்தான். பலகை அறுத்தாகிவிட்டது, டிவி உள்ளே போகவில்லை. போனது, படம் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. படம் சரி, பொத்தானை அழுத்தினால் ஆள் தாமதமாகக் குதிக்கிறான். இந்தப் பக்கம் முழுக்க டிவியைப் பற்றியது மட்டும். டிவி கடையில் அங்குலம், பிளைவுட் கடையில் மில்லிமீட்டர், ஆசாரியிடம் அடி என்று நம் ஊரில் மூன்று கணக்கு ஓடுவதால், இங்கும் அப்படியே கலந்துதான் இருக்கும்.

முதலில் வாங்க வேண்டியது எது, பலகையா டிவியா?

டிவி. இதில் இரண்டாவது பேச்சே இல்லை. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெட்டிகளின் அளவில் இருக்கும். அந்தப் பெட்டிகள் 19 அங்குல அல்லது 25 அங்குல 4:3 (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) பிக்சர் டியூபைச் சுற்றி வரையப்பட்டவை. இன்று கடையில் இருப்பதோ 16:9 டிவி. வரைபடத்தை நம்பி அறுத்துவிட்டு, அதற்கேற்ற டிவியைத் தேடி அலைந்தால் போதும் போதும் என்றாகிவிடும்.

டிவி கைக்கு வந்ததும் அட்டைப்பெட்டியில் போட்ட அளவை நம்பாமல் டேப் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஆறு அளவு வேண்டும்: சட்டத்தோடு சேர்ந்த வெளி அகலம், உயரம், கனம், ஒளிரும் திரையின் அகலமும் உயரமும், பின்னால் வயர் செருகினால் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நேராகச் செருகும் ஹெச்டிஎம்ஐ பிளக் மட்டுமே 4, 5 செ.மீ. இடம் கேட்கும்.

எத்தனை அங்குல டிவி சரியாக இருக்கும்?

பழைய விளையாட்டுகள் 4:3 படம். 16:9 திரையில் அவற்றைக் காட்டும்போது இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழும். ஆகவே டிவியின் அங்குலத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே கிடைக்கும் 4:3 படத்தின் அங்குலத்தைப் பாருங்கள். 32 அங்குல டிவியின் திரை ஏறத்தாழ 27.9 அங்குல அகலம், 15.7 அங்குல உயரம். அதில் 4:3 படம் 26 அங்குலமாகக் கிடைக்கும். பழைய 25 அங்குலப் பெட்டிக்குச் சரியான மாற்று அதுதான். 24 அங்குலத்தில் 19.6 அங்குலப் படம் கிடைக்கும். 1980களின் 19 அங்குலப் பெட்டிக்கு இது பொருத்தம். 43 அங்குலம் போட்டால் 35 அங்குலப் படம் வரும். ஆனால் ஆடுபவர் திரையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். இடது மூலையில் வரும் எதிரியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.

நின்று ஆடும் இருவர் பெட்டிக்கு என் தேர்வு 32 அங்குலம். மேசை மேல் வைக்கும் சிறு பெட்டி என்றால் டிவியே வேண்டாம். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் 19 அங்குல 5:4 எல்சிடி மானிட்டர் (1280×1024) போதும். அதில் கருப்புப் பட்டை மேலும் கீழும் விரல் அளவுகூட வராது. சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் போனால் பழைய மானிட்டர்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும் முன் வெள்ளைத் திரை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கறை, கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

32 அங்குல டிவி போட்டால் பெட்டி அகலமாகிவிடாதா?

ஆகும். சட்டத்தோடு அதன் அகலம் சுமார் 73 செ.மீ. வரும் (ஒவ்வொரு டிவிக்கும் கொஞ்சம் மாறும்). பக்கத்துக்கு ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் உள் அகலம் 75. 19 மி.மீ. பிளைவுட் இரண்டு பக்கமும் சேர்ந்தால் வெளி அகலம் 79 செ.மீ. அளவுக்குப் போகிறது. பழைய பெட்டிகளை விட ஒரு சாண் அளவுக்கு அகலம் கூடுதல். இதில் நன்மையும் உண்டு: இரண்டு பேர் தோள் இடிக்காமல் நிற்கலாம்.

அறையின் வாசற்கால் அகலத்தையும் லிஃப்ட் கதவையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். 79 செ.மீ. நேராகப் போகாத வாசலில் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோகலாம். அதற்கு ஆழம் 65 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பொத்தான் பலகையைத் தனியாகக் கழற்றும்படி செய்துவிட்டால் ஆழம் தானாகக் குறையும்.

டிவியின் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றிவிட்டால் இடம் மிச்சமாகுமே?

பக்கத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. மிச்சமாகும். அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். கழற்றியதும் பவர் போர்டு திறந்தவெளிக்கு வந்துவிடும். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கும்போது அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் நாடா வயர்கள் நகம் பட்டாலே பிய்ந்துவிடும், பிய்ந்தால் திரையில் கோடு விழும், அதைச் சரிசெய்யும் செலவில் புது டிவியே வாங்கிவிடலாம். வாரண்டியும் போச்சு. ரிமோட் கண், பவர் பொத்தான் இருக்கும் சிறு போர்டையும் வேறு எங்காவது ஒட்டவைக்க வேண்டும்.

சட்டத்தோடு வைத்துவிட்டு, முன்னால் கருப்பு அட்டையால் மறைத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பெட்டி ஏற்கெனவே தயார், டிவி அரை அங்குலம்தான் இடிக்கிறது என்ற நிலை ஒன்றில்தான் கழற்றுவதைப் பற்றி யோசிப்பேன். அப்போதும் பின்பக்க மூடியை விட்டுவிட்டு முன்சட்டத்தை மட்டும்.

டிவியைப் படுக்கையாக வைப்பதா, நெட்டுக்குத்தாக வைப்பதா?

நீங்கள் ஆடப்போவதைப் பொறுத்தது. நம் ஊரில் எல்லோரும் "முஸ்தபா" என்று சொன்ன கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் (கேப்காம், 1993), ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991), மெட்டல் ஸ்லக் (1996) எல்லாம் படுக்கைப் படம். பேக்-மேன் (1980), டாங்கி காங், கலாகா (இரண்டும் 1981) நெட்டுக்குத்துப் படம். அந்தப் பெட்டிகளில் டியூபையே திருப்பி மாட்டியிருந்தார்கள். விமானம் சுட்டுக்கொண்டே மேலே போகும் விளையாட்டுகளில் பெரும்பாலானவையும் இந்தச் சாதிதான்.

படுக்கையாக வைத்த 32 அங்குல டிவியில் பேக்-மேனை ஓட்டினால் படம் 11.8 × 15.7 அங்குலம், அதாவது மூலைவிட்டம் 19.6 அங்குலம் வரும். பேக்-மேன் பெட்டியில் இருந்ததே 19 அங்குல டியூப். ஆக, படுக்கை வைத்த 32 அங்குலம் இரண்டுக்கும் தாங்கும். இரண்டு மனசாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நெட்டுக்குத்து மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு ஒரு நல்ல செய்தி. 1080 புள்ளித் திரையை நிமிர்த்தி வைத்தால் அகலம் 1080, அதற்கு ஏற்ற 3:4 உயரம் 1440. பேக்-மேன் படத்தின் உயரம் 288 வரி. 288ஐ ஐந்தால் பெருக்கினால் சரியாக 1440. ஒவ்வொரு வரியும் துல்லியமாக ஐந்து புள்ளி தடிமன். கெட்ட செய்தி பேனலில் இருக்கிறது. மலிவான டிஎன் வகை எல்சிடி பேனலைத் திருப்பி வைத்தால், முன்பு மேலிருந்து கீழே பார்க்கும்போது தெரிந்த நிறமாற்றம் இப்போது இடமிருந்து வலமாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமல்ல, ஆடுபவரின் இரண்டு கண்ணுக்கே வேறு வேறு வெளிச்சம் தெரிந்து தலை வலிக்கும். திருப்புவதென்றால், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல் வாங்குங்கள்.

சுழலும் மவுண்ட் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம், ஜப்பானில் டைட்டோவின் எக்ரெட் 2 பெட்டியில் (1996) டியூபையே சுழற்றும் அமைப்பு இருந்தது. ஆனால் 32 அங்குலம் சுழல வேண்டுமானால் அதன் மூலைவிட்டம் முழுவதும் தடையில்லாமல் சுற்ற இடம் வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

பரணில் பழைய டப்பா டிவி கிடக்கிறது. அதைப் போடலாமா?

போடலாம். படத்துக்காக மட்டும் என்றால் அதைவிட நல்லது கிடையாது. அந்த விளையாட்டுகளை வரைந்தவர்கள் டியூப் டிவியைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். வரிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இருட்டு, ஓரங்களில் நிறம் லேசாகக் கலப்பது, இவை எல்லாம் எல்சிடியில் நிரலால் போலியாகக் கொண்டுவர வேண்டியவை. தாமதமும் கிட்டத்தட்டக் கிடையாது.

எடைதான் பிரச்சினை. 21 அங்குல டிவி 20 கிலோவைத் தாண்டும், 29 அங்குல ஃபிளாட் டியூப் 40 கிலோவுக்கு மேல். அந்த எடையில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால், சாய்த்து வைக்காவிட்டால் பெட்டியே முன்னால் கவிழப் பார்க்கும். டிவியைத் தாங்கும் தட்டு 19 மி.மீ. பிளைவுட்டாக, பக்கப் பலகைகளில் போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கிய ரீப்பர் கட்டைகளின் மேல் உட்கார வேண்டும். வெறும் ஸ்க்ரூவிலும் ஃபெவிகாலிலும் 40 கிலோவைத் தொங்கவிடுவது குருவி தலையில் பனங்காய். பெட்டியின் பின் அடியில் கொஞ்சம் எடை வையுங்கள். மணல் மூட்டை, பழைய டைல்ஸ், எதுவானாலும் சரி. ஆழமும் பாருங்கள், டியூபின் கழுத்து பின்னால் அரை மீட்டர் வரை நீளும்.

டியூபை மட்டும் கழற்றி எடுத்து மாட்டினால் இடமும் எடையும் குறையுமே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்தமாக "வேண்டாம்" என்று சொல்லும் பதில் இதுதான்.

கலர் டியூபின் ஆனோடில், அதாவது ரப்பர் கிண்ணம் போல மூடிய சிவப்பு வயர் போகும் இடத்தில், ஏறத்தாழ 25,000 வோல்ட் ஓடும். டியூபின் கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டர் போல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளக்கை எடுத்துப் பல மணி நேரம் ஆனாலும். பல பழைய டிவிகளில் போர்டின் ஒரு பகுதி மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். கை பட்டால் ஷாக். பின்னால் இருக்கும் மெல்லிய கழுத்து உடைந்தால் டியூப் அதோடு தீர்ந்தது. டிவி மெக்கானிக்குகள் இதைத் தினமும் செய்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் கருப்புப் பூச்சின் மேல் ஓடும் எர்த் பின்னலில் வயரைப் பிடித்து, நீள ஸ்க்ரூடிரைவரால் ஆனோடை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் அப்படி ஒருவரை வீட்டுக்கு அழைத்துச் செய்யச் சொல்லுங்கள். வீடியோ பார்த்து நீங்கள் செய்யாதீர்கள்.

டப்பாவோடு உள்ளே வைத்து, முன்சட்டத்தைக் கருப்பு அட்டையால் மறைப்பதே போதும்.

டப்பா டிவியோடு ராஸ்பெர்ரி பையை எப்படி இணைப்பது?

டிவியின் ஏவி சாக்கெட் வழியாக: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. பை 4 வரை 3.5 மி.மீ. துளையிலேயே வீடியோவும் வருகிறது. பை 4இல் அதை அமைப்பில் போய் இயக்க வேண்டும். பை 5இல் அந்தத் துளையே இல்லை. போர்டில் உள்ள புள்ளிகளில் சால்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் டப்பா டிவிக்குப் பழைய பை 3தான் வசதி.

நான்கு வளையம் உள்ள ஏவி கேபிள் எல்லாமே பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வரிசை மாறும். பையில் நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், வீடியோ என்ற வரிசை. மஞ்சளில் படம் வராமல் உறுமல் மட்டும் வந்தால் சிவப்பு பிளக்கை மஞ்சள் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கிரவுண்டே இடம் மாறிய கேபிள். வேறு வாங்க வேண்டியதுதான்.

அடுத்தது 50, 60 ஹெர்ட்ஸ் தகராறு. நம் ஊரின் பழைய ஒளிபரப்பு பால் (PAL) முறை, திரை வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஆர்கேட் விளையாட்டுகளோ பெரும்பாலும் 60ஐ ஒட்டியவை. பை 50இல் அனுப்பினால் ஒன்று விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், அல்லது தத்தித் தத்தி ஓடும். ஆகவே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் முறையான என்டிஎஸ்சி, அதுவும் 240 வரி முற்போக்கு (புரோகிரெசிவ், 240p) முறையைத் தேர்ந்தெடுங்கள். 1990களின் பிற்பாதியிலும் அதற்குப் பின்பும் வந்த டிவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும். மிகப் பழையவற்றில் படம் மேலே மேலே உருளும், அல்லது கருப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த டிவியைப் பெட்டிக்கு எடுக்காதீர்கள்.

டியூபைத் திருப்பி வைத்ததும் மூலையில் பச்சை, ஊதாத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது காந்தப் புலம். அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். டிவிக்குள் காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுற்று ஆறியிருந்தால்தான் முழு வேகத்தில் வேலை செய்யும். இரண்டு மூன்று முறையில் போகாவிட்டால் ஸ்பீக்கர் காந்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்சிடி டிவியைப் பெட்டிக்குள் எதில் மாட்டுவது?

பின்னால் நான்கு திருகுத் துளை இருக்கும், அதன் பெயர் வெசா. 32 அங்குலத்தில் 100×100, 200×100, 200×200 மி.மீ. இவற்றில் ஏதாவது ஒன்று. திருகு எம்4 அல்லது எம்6. நீளம் முக்கியம்: துளை 10 மி.மீ. ஆழம் என்றால் பிளைவுட் கனத்தோடு 8 மி.மீ. கூட்டி வாங்குங்கள். நீளமாக வாங்கி முடுக்கினால் திருகின் நுனி உள்ளே போர்டைக் குத்தும்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. 19 மி.மீ. பிளைவுட்டில் பெட்டியின் உள் அகலத்துக்கு, சுமார் 25 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குப் பலகை. அதில் வெசா துளைகளுக்கு வட்டத் துளை போடாமல், மேலும் கீழும் 3 செ.மீ. நீண்ட பள்ளமாகப் போடுங்கள். டிவியைப் பலகையில் அகன்ற வாஷரோடு மாட்டுங்கள், கடைசி முடுக்கு இப்போது வேண்டாம். பக்கப் பலகைகளில் டிவியின் சாய்வுக் கோட்டுக்கு இணையாக 2 அங்குல ரீப்பர் ஒவ்வொன்று. குறுக்குப் பலகையை அந்த ரீப்பர்களில், பின்பக்கத்திலிருந்து, பக்கத்துக்கு இரண்டு போல்ட்டால் பிடியுங்கள். முன்னால் கண்ணாடிப் பக்கம் நின்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் பின்னாலிருந்து டிவியை நகர்த்தி நடுவில் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் முடுக்கிவிடலாம். டிவியின் கீழ்விளிம்பு தங்க ஒரு சிறு கட்டையும் வைத்தால் வெசா திருகுகளின் மேல் முழு எடை விழாது.

ஏன் இவ்வளவு வேலை மெனக்கெட வேண்டும்? டிவியைப் பக்கப் பலகையில் நேரடியாக ஒட்டவைத்துவிட்டால் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமான பெட்டி ஆகிவிடும். நல்ல பிளைவுட் பெட்டி இருபது வருடம் நிற்கும், டிவி அவ்வளவு நிற்காது. நான்கு போல்ட்டைக் கழற்றினால் டிவி பின்வழியாக வெளியே வர வேண்டும், அடுத்த டிவி அதே பலகையில் ஏற வேண்டும். பின்கதவைத் திரையை விட அகலமாக விடுவதும் இதற்காகத்தான்.

எவ்வளவு சாய்க்க வேண்டும்?

நீங்கள் நின்று பார்க்கும் பார்வைக் கோடு திரையின் நடுவில் செங்குத்தாக விழ வேண்டும். பொத்தான் பலகை தரையிலிருந்து 38 அங்குலம் அளவில் இருந்தால் திரையின் நடு சுமார் நான்கு அடியில் வரும். சராசரி உயரமுள்ளவர் கொஞ்சம் கீழ்நோக்கித்தான் பார்ப்பார். 20 டிகிரியை ஒட்டித் தொடங்கி, டிவியின் அளவில் வெட்டிய அட்டையைப் பெட்டிக்குள் சாய்த்துப் பிடித்து முடிவு செய்யுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளைதான் அதிகம் ஆடப்போகிறது என்றால் அதையும் நிற்கவைத்துப் பாருங்கள். அதிகம் சாய்த்தால் மேலே இருக்கும் டியூப்லைட் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும்.

முன்னால் கண்ணாடி வேண்டுமா?

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம். எல்சிடி பேனலை விரலால் அழுத்தினாலே தாங்காது. 5 மி.மீ. டஃபன்டு கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, 70×55 செ.மீ. துண்டு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், அதற்கேற்ற தாங்கு கட்டை போடுங்கள். டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் பெட்டி முழுதும் முடிந்து, மைக்கா ஒட்டியபின் அளவெடுத்து, நாலு பக்கமும் 2 மி.மீ. குறைத்து ஆர்டர் கொடுங்கள்.

கண்ணாடிக்கும் டிவிக்கும் நடுவே மறைப்பு அட்டை. படச்சட்டக் கடையில் கிடைக்கும் கருப்பு மவுண்ட் போர்டு இதற்கு அருமை. ஓட்டை எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 4:3 படத்துக்கு மட்டும் வெட்டினால் கருப்புப் பட்டை மறைந்து பெட்டி அசல் போலவே இருக்கும். ஆனால் மெனுவின் ஓரமும் 16:9 விளையாட்டுகளும் மறையும். முழுத் திரைக்கும் வெட்டினால் பக்கப் பட்டைகளில் ஓவியம் காட்டலாம். நெட்டுக்குத்து விளையாட்டும் ஆடுவீர்கள் என்றால் முழுத் திரைக்கே வெட்டுங்கள். எப்படி வெட்டினாலும் ரிமோட் கண் மறையக் கூடாது; மறைந்தால் அந்த இடத்தில் பென்சில் நுனி அளவு ஓட்டை போதும்.

பொத்தானை அழுத்தியதும் ஆள் தாமதமாகக் குதிக்கிறான். ஏன்?

டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம். விளையாட்டின் ஒரு பிரேம் 16.7 மில்லிவினாடி. சில டிவிகள் சாதாரண முறையில் மூன்று, நான்கு பிரேம் வரை பிடித்துவைத்துக்கொள்ளும். முஸ்தபாவில் அது அவ்வளவாக உறுத்தாது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் உறுத்தும்.

முதலில் கேம் மோடைப் போடுங்கள். அது இல்லாத டிவியில் ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை "பிசி" என்று மாற்றினாலே பல மாடல்களில் பாதி அலங்காரம் அணைந்துவிடும். அசைவை மென்மையாக்குவது, இரைச்சலைக் குறைப்பது, தானாக ஒளி மாற்றுவது, மூன்றையும் அணையுங்கள். அளந்து பார்க்க ஃபோனின் 240 பிரேம் ஸ்லோமோஷன் போதும்: பொத்தானும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்து, பொத்தான் அமுங்கியதிலிருந்து ஆள் அசையும் வரை பிரேம்களை எண்ணுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிவினாடி. இதில் விளையாட்டின் சொந்தத் தாமதமும் சேர்ந்திருக்கும் என்பதால் அதே பையை ஒரு கணினி மானிட்டரில் மாட்டி இன்னொரு முறை எடுங்கள். வித்தியாசம்தான் டிவியின் பங்கு. டிவியை வாங்கும் முன்பே நண்பர் வீட்டில் இதைச் செய்து பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

படம் ஓரத்தில் வெட்டுப்படுகிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது.

வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளுவது. பட அளவு மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்க்ரீன் ஃபிட்", "1:1" என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

மங்கல் வேறு விஷயம். ஹெச்டி ரெடி என்று விற்கும் 32 அங்குல டிவிகளின் பேனல் 1366×768. பை 1280×720 அனுப்பினால் டிவி அதை இழுத்து 768 ஆக்கும், புள்ளிகள் சீரற்றுப் போகும். சில டிவிகள் 1360×768ஐ நேரடியாக ஏற்கும், அதை முயன்று பாருங்கள். ஏற்றால் 224 வரி விளையாட்டை மூன்று மடங்காக்கி 672 வரியில் கூர்மையாகக் காட்டலாம். 1080 திரையில் நான்கு மடங்கு, 896 வரி. மேலும் கீழும் கொஞ்சம் கருப்பு நிற்கும். அந்தக் கருப்பு பிடிக்காதவர்கள் முழு உயரத்துக்கு நீட்டிவிட்டு, சிஆர்டி-பை போன்ற ஷேடரை (படத்துக்கு டியூப் தோற்றம் தரும் நிரல்) போடுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

ஒரே சுவிட்சில் எல்லாம் எரிய வேண்டும். டிவி மட்டும் ஸ்டாண்ட்பையிலேயே நிற்கிறது.

டிவி மெனுவில் பவர் ஆன் முறை என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். "ஆன்" அல்லது "கடைசி நிலை" என்று வைத்தால் கரண்ட் வந்ததும் எழுந்துவிடும். சில டிவிகளில் இது ஹோட்டல் மெனு என்ற மறைவான மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் ஹெச்டிஎம்ஐ சிஇசி, அதாவது அந்த வயர் வழியாகவே ஒரு கருவி டிவியை இயக்கும் வசதி. சாம்சங்கில் அனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கிவிட்டால் பை எழுந்ததும் டிவியை எழுப்பச் சொல்லலாம். பை முந்திக்கொண்டு எழுந்து டிவியைக் காணோம் என்று படம் அனுப்பாமல் விட்டால், டிவி எப்போதும் இணைந்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்படி, அதன் அமைப்புக் கோப்பில் ஹெச்டிஎம்ஐ ஹாட்பிளக்கைக் கட்டாயமாக்குங்கள்.

ஸ்மார்ட் டிவிகள் எழுந்ததும் முகப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரிமோட்டைக் கேட்கும். பெட்டிக்குச் சாதாரண டிவியே நல்லது. மலிவும்கூட.

சுவிட்சைப் போட்டு அணைப்பதும் அதே சுவிட்சால்தான் என்றால் பையின் மெமரி கார்டு ஒருநாள் படுத்துவிடும். முதலில் மெனுவில் ஷட் டவுன், பிறகு சுவிட்ச். கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். உள்ளே எர்த் உள்ள ஸ்பைக் பஸ்டர் ஒன்று போதும், அதில் இன்னொரு நீட்சி வயரை மாட்டாதீர்கள்.

ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

டிவி ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழோ பார்க்கும், பெட்டிக்குள் அடைபடும். டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்து, ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் போர்டு வழியாக, திரைக்கு மேல் கீழ்நோக்கிய இரண்டு 4 அங்குல கார் ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். 5 வோல்ட்டில் ஓடும் பிஏஎம்8403 போர்டு வீட்டுக்குப் போதுமான சத்தம் தரும். டப்பா டிவி என்றால் காந்தம் மறைத்த ஸ்பீக்கர் வேண்டும்.

சூடாகுமா?

மேல் பின்புறத்தில் வெளியே தள்ளும் 120 மி.மீ. ஃபேன், கீழே காற்று நுழைய ஓட்டைகள். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமே இருக்காது. எல்சிடிக்கு இது தாராளம். ஓட்டைகளுக்குக் கொசுவலை அடியுங்கள். கரப்பான் புகுந்து பவர் போர்டில் ஷார்ட் ஆன டிவிகளை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் காட்டுவார்.

பை இல்லை, உண்மையான ஆர்கேட் போர்டு இருக்கிறது. டிவியில் வருமா?

நேரடியாக வராது. 1985இல் வந்த ஜாமா (பெட்டியையும் போர்டையும் இணைக்கும் வயர் அமைப்பு) தரத்து போர்டுகள் 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) தருகின்றன, எல்சிடி டிவிக்கு அது புரியாது. ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான மாற்றி போர்டு அதை விஜிஏ ஆக்கும். படம் சுமார், கொஞ்சம் தாமதமும் கூடும். நல்ல படம் வேண்டுமென்றால் ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றி, விலையும் அதற்கேற்ப. பல விளையாட்டு அடங்கிய சீனப் பெட்டிகளில் விஜிஏவோ ஹெச்டிஎம்ஐயோ ஏற்கெனவே இருக்கும், மாற்றி தேவையில்லை.

ஓஎல்இடி, பிளாஸ்மா?

வேண்டாம். ஸ்கோர் எண்ணும் சுவர்க் கோடுகளும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், இந்தத் திரைகளில் அது நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். பழைய பேக்-மேன் பெட்டிகளில் டிவியை அணைத்த பின்பும் அந்தச் சதுரப் பாதைகள் டியூபில் தெரியும் அளவுக்குப் பதிந்திருக்கும். எல்சிடியில் அந்தக் கவலை குறைவு.

கழற்றிய பழைய டியூப் டிவியை என்ன செய்வது?

டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, உடைக்கவும் கூடாது. ஓடுகிற டிவி என்றால் உங்களைப் போலவே பெட்டி செய்யும் ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போவார். ஓடாததை மின்கழிவு எடுப்பவரிடம் முழுதாகக் கொடுங்கள். ரிமோட்டை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். பல பழைய டிவிகளில் ஏவிக்கு மாற்றும் பொத்தான் அதில் மட்டும்தான் இருக்கும்.